சீட்டில்லாமல் விலைபோகும் சிவப்புக் கோடு

"நீர்க்கடுப்பா இருக்குண்ணா, ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க."

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை, இரவு ஷிப்ட் முடித்து வரும் பெண் இப்படிக் கேட்டால், டாக்டர் சீட்டு எங்கே என்று திருப்பிக் கேட்கும் மெடிக்கல் ஷாப்புகள் குறைவு. செஃபிக்ஸைம் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பதற்காக அட்டையின் பின்புறம் அச்சிட்ட சிவப்புக் கோடும் உறைக்குள் போய்விடுகிறது.

வாங்குபவரைக் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலை லைனில் நிற்பவர் தண்ணீரைக் குறைக்கிறார், சிறுநீரை அடக்குகிறார், தொற்று வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது.

சென்னையில் தெரிந்த ஆபத்து

நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம், நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை. ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போதெல்லாம் எளிதில் சாகும் கிருமிகள் சாகின்றன, தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன. சில கிருமிகள் செஃபிக்ஸைம் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதிக்கான மரபணுவை வேறு இனக் கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன.

கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்-1 நொதி பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வகத்தைச் சேர்ந்தவர். சென்னையில் மட்டும் 44 நோயாளி மாதிரிகளில் அந்த நொதி கொண்ட கிருமி இருந்தது. மருந்துக்கு அடங்காத தொற்றுகளால் 2019-இல் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக லான்செட்டில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

பக்கத்திலேயே பிறந்த மருந்து

நம்பிக்கையும் இந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. சென்னையின் ஆர்க்கிட் பார்மாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை உண்டு. அந்த நிறுவனம் கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம், கிருமியின் நொதியை முடக்கிச் செஃபிபைம் மருந்தை வேலை செய்ய விடுகிறது. சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு இந்தக் கூட்டு ஊசிமருந்தை 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதித்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது.

ஆனால் என்.டி.எம் நொதியின் முன் இதுவும் நிற்காது. ஒரு மருந்தைக் கண்டறிந்து நோயாளியிடம் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. கிருமி அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

செய்ய வேண்டியது

சீட்டோடு மட்டும் விற்க வேண்டிய மருந்துகளின் எச்-1 பட்டியல் 2014 மார்ச் முதலே சட்டத்தில் இருக்கிறது. அப்போது அதிலிருந்த 46 மருந்துகளில் 24 ஆன்டிபயாடிக். செஃபிக்ஸைமும் அதில் உண்டு. விற்றால் டாக்டர், நோயாளி பெயர்களோடு பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாலே பாதி விற்பனை நிற்கும்.

மீதி கம்பெனிகளின் கையில். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. இத்தனை பேர் சேர்ந்து வாழும் இடத்தில் சிறுநீர் கல்ச்சருக்கு மாதிரி எடுக்கும் வசதி அவசியம். தட்டில் பரப்பிய கிருமியின் மேல் மருந்து வில்லைகளை வைத்தால், எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் போதிய அகலத்தில் விழுகிறதோ அந்த மருந்து கேட்கும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தரவேண்டியதை டாக்டர் தீர்மானிப்பார்.

அதற்கு முன் லைனில் நிற்பவருக்குக் கழிவறை போக நேரமும், டாக்டரைப் பார்க்கச் சம்பளத்தோடு அரைநாளும் கொடுங்கள். இந்தச் செலவை இன்று கம்பெனிகள் ஏற்காவிட்டால், நாளை அதைத் தொழிலாளி தன் உயிரால் ஏற்க வேண்டிவரும்.