பறக்கும் முன் ஒரு கொக்கி

இன்னைக்கு டாபிக் ஹேங் கிளைடிங். இன்ஜினே கிடையாது. அலுமினியக் குழாய், துணி, கம்பி, அவ்வளவுதான். அப்புறம் எப்படி மணிக்கணக்கா மேலேயே இருக்காங்க?

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல, சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே 'பாயிண்ட் ஆஃப் த மவுண்டன்'னு ஒரு வறண்ட மேடு இருக்கு. நண்பர்களோட ஒரு நாள் முழுக்க அங்க இருந்தேன். கணக்கு சிம்பிள். அசையாத காற்றில் கிளைடர் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் இறங்கும். மேட்டில் மோதி எழும்பும் காற்று அதைவிட வேகமாக ஏறினால், கிளைடரும் ஏறும். காற்று திசை மாறுவதால் அங்கே காலையில் தெற்குச் சரிவு, மாலையில் வடக்குச் சரிவு.

நடுவுல? நிழல்ல உட்கார்ந்து காத்திருக்கணும். உச்சி வெயிலில் தரை சூடாகி, வெப்பக் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். அனுபவசாலிகள் அதைப் பிடிச்சு உயரம் போவாங்க. புதுசா கத்துக்கிறவங்களைத் தூக்கிப் போட்டுடும்.

ஆனா பெரிய ஆபத்து தரையிலேயே இருக்கு. பைலட் போட்டிருக்கிற ஹார்னஸை இறக்கையோட இணைக்கிறது ஒரு காரபைனர் கொக்கிதான். அதை மாட்ட மறந்து ஓடிக் கிளம்பி உயிரை விட்டவங்க உண்டு. அதனாலதான் 'ஹேங் செக்': ஒருத்தர் கிளைடரின் மூக்கைப் பிடிச்சுக்க, பைலட் அப்படியே படுத்துத் தொங்கிப் பார்ப்பார். நம்ம கோட் ரிவ்யூ மாதிரிதான்; ஆனா இங்க ரோல்பேக் கிடையாது.

எங்க குரூப்ல பல வருஷமா பறக்கிற அண்ணன்கூட ஒரு தடவையும் அதை விடலை. பறக்காத எனக்கும் ஒரு வேலை கிடைச்சுது: கொக்கியைக் கண்ணால பார்த்து, "மாட்டியிருக்கு"ன்னு சத்தமா சொல்றது.