செங்கற்பட்டிலிருந்து கடல்மல்லைக்கு

செங்கற்பட்டு என்னும் பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபு என்பர். இன்றும் இரயிலிற் செல்வோர் கொளவாய் ஏரியின் பரந்த நீரைக் கண்டு மகிழ்கின்றனர். விசயநகர மன்னர் காலத்துக் கோட்டை ஒன்றும் இங்கு உண்டு. 1752ஆம் ஆண்டில் கிளைவு அதனைக் கைப்பற்றினார். பின்னர் இருப்புப்பாதை அக்கோட்டையை ஊடறுத்துச் சென்றது. இன்று எஞ்சி நிற்பது சிறிதே. ஆயினும் இவ்வூரின் தனிப்பெருமை, ஊரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையிற் செல்வோர், தமிழகத்துக் கற்கோயிற் கலை வளர்ந்த வரலாற்றைப் படிப்படியாகக் காணலாம்.

பல்லவர்க்கு முன் தமிழகத்துக் கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. ஆதலின் அவை நெடுங்காலம் நிலைபெறவில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றிக் கோயில் அமைத்த செய்தியை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமிதத்தோடு பொறித்து வைத்தான். அவன் காலத்துக் குடைவரை ஒன்று செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ளது. வசந்தப்பிரியராசன் மகன் கந்தசேனன் அதனைக் குடைவித்தான் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக் கூறும். தூண்கள் தடித்தவை, வேலைப்பாடு குறைவு. கல்லைக் குடைந்து இறைவனுக்கு இடம் காண்பதே அந்நாளிற் பெருஞ்செயலாக இருந்தது.

மேலும் கிழக்கே சென்றால் திருக்கழுக்குன்றம். அக்குன்றில் ஒருகல் மண்டபம் எனப்படும் குடைவரை உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் அதனைக் காண வந்த ஒல்லாந்தர் சிலர் தம் பெயர்களை அங்கே கீறிச் சென்றுள்ளனர். கண்ட இடத்திற் பெயர் கீறும் வழக்கம் இக்காலத்தார்க்கு மட்டும் உரியதன்று போலும்! மாமல்லபுரத்தை நெருங்கும்போது பூஞ்சேரி என்னும் சிற்றூர் வரும். அங்கும் பாறையிற் பெயர்கள் உள்ளன. ஆனால் அவை காண வந்தோர் பெயர்களல்ல. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன போன்ற அப்பெயர்கள் உளிபிடித்து உழைத்தவர்க்கு உரியவை என்பர் அறிஞர். மன்னர் பெயர்களே மிகுதியாக நிலைத்த நாட்டில் தச்சனும் கொல்லனும் தம் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றது அரிய செய்தியாகும்.

கடல்மல்லை எனப் பண்டு போற்றப்பெற்ற மாமல்லபுரம், மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மனால் அப்பெயர் பெற்றது. இங்குள்ள ஐந்து தேர்கள் கட்டப்பட்டவை அல்ல. பாறையைச் செதுக்கி எடுக்கப்பட்டவை. அவற்றுக்குப் பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் வழங்கலாயின. ஒன்று கூரை வேய்ந்த குடிசை போன்றது. ஒன்று நீண்ட வண்டிக் கூடு போன்றது. மற்றொன்றன் பின்புறம் யானையின் முதுகை ஒக்கும். அவ்வடிவைப் பண்டையோர் தூங்கானை மாடம் என்றனர். அதன் அருகிலேயே சிற்பி ஒரு கல்யானையையும் நிறுத்தியிருப்பது எவ்வளவு நயமுடையது! குடிசையும் மாடமும் மரத்தாலும் ஓலையாலும் எவ்வடிவில் இருந்தன என்பதை இன்று நாம் அறிவதற்கு இக்கற்களும் துணைசெய்கின்றன.

முடிவுறாத பணிகளே செய்முறையை நன்கு காட்டுவன. சிற்பிகள் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினர். ஆதலாற் சில தேர்களின் மேற்பகுதி நிறைவுற்றிருக்க, அடிப்பகுதி கரடாகவே நிற்கின்றது. குடையவேண்டிய பாறையிற் சிறுசிறு சதுரங்களாகக் கோடிட்டு ஆழ வெட்டி, இடையிலுள்ள கல்லை உடைத்தெடுத்தனர். தவறி விழுந்த ஓர் அடியை மீண்டும் ஒட்டவைக்க இயலாது.

ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தவம் என்பர் சிலர். கங்கை இறங்கிய காட்சி என்பர் வேறு சிலர். அவ்வழக்குத் தீரவில்லை. அதனைத் தீர்க்க வேண்டிய கவலையின்றி, யானைகளின் அருகே தவக்கோலம் பூண்டு நிற்கும் பூனையையும் அதனை நம்பிய எலிகளையும் கண்டு சிறுவர் நகைக்கின்றனர்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயில், வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியதாகும். பாறை இருந்த இடத்திலன்றி, வேண்டிய இடத்திற் கற்கோயில் எழுப்பும் வழி இதனால் விரிந்தது. சிவனுக்கு இரு கருவறைகளும் இடையே பள்ளிகொண்ட திருமாலும் இங்கு உண்டு. உப்புக்காற்று இக்கோயிற் சிற்பங்களின் முகங்களை இடைவிடாது தேய்த்து வருகின்றது. அலையைத் தடுக்கக் கற்களைக் கொட்டியுள்ளனர்; கல்லில் ஊறிய உப்பைக் காகிதக்கூழ் பூசி உறிஞ்சி எடுக்கின்றனர். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

அழிக்கும் கடலே ஒருமுறை மறைந்ததையும் காட்டியது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் பொங்கிய ஆழிப்பேரலைக்குப் பின், வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில் மணல் விலகிக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. 2005ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தபோது முருகன் கோயில் ஒன்று தோன்றியது. மேலே பல்லவர் காலக் கற்பணி. அதன் கீழே, அதனினும் பழைய செங்கற் கோயில்.