மஞ்சள் ஒளியில் பிறக்கும் பிளாஸ்மா

சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 589 நானோமீட்டர். அதன் ஒரு போட்டானில் இருக்கும் ஆற்றல் 2.1 எலக்ட்ரான்வோல்ட். சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கவோ 5.14 தேவை. இரண்டு போட்டான்கள் சேர்ந்தாலும் 4.2தான், கணக்கு உதைக்கிறது. ஆனாலும் 1976இல் அமெரிக்க விஞ்ஞானிகள் லூகடோர்ட்டோவும் மெக்கில்ராத்தும் சோடியம் ஆவிக்குள் இதே நிற லேசரைப் பாய்ச்சியபோது, ஒரு மைக்ரோவினாடிக்குள் ஆவி ஏறக்குறைய முழுவதும் அயனியாகி பிளாஸ்மாவாக மாறியது. அணுவின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் ஒளி தானே அயனியாக்குவதில்லை. அது அணுக்களுக்கு ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அயனியாக்கும் வேலையை மோதல்கள் முடிக்கின்றன.

ஒத்ததிர்வு ஒளியை வாங்கிக் கிளர்ந்த அணுவின் மேல், அலையும் எலக்ட்ரான் ஒன்று மோதினால், அணு தன்னிடமுள்ள 2.1 எலக்ட்ரான்வோல்ட்டையும் அதற்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டுத் தரைநிலைக்கு இறங்குகிறது. லேசர் உடனே அதை மீண்டும் கிளப்புகிறது. ஏற்கெனவே கிளர்ந்திருக்கும் அணுவை அயனியாக்க மிச்சம் வேண்டியது 3.04 மட்டுமே, இரண்டு கைமாற்று வாங்கிய எலக்ட்ரானுக்கு அது எளிது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, எலக்ட்ரான்கள் பெருகுகின்றன.

முதல் எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? கிளர்ந்த இரண்டு அணுக்களின் கூட்டு ஆற்றல் 4.2, தனி அயனிக்கு அது போதாது. ஆனால் அவை இணைந்து மூலக்கூறு அயனியானால், அந்தப் பிணைப்பு சுமார் 1 எலக்ட்ரான்வோல்ட்டை ஈடுகட்டுகிறது. மயிரிழையில் கணக்கு நேராகி, ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. ஓர் அணு மூன்று போட்டான்களை ஒருசேர விழுங்கியிருக்கலாமே என்றால், அதற்கு மிகக் கடுமையான ஒளி தேவை. 1977இல் டாமும் ஹாப்பரும் சீசியம் ஆவியில் பலவீனமான தொடர் லேசரைக் கொண்டே பிளாஸ்மாவை உண்டாக்கினார்கள். அந்த மங்கல் ஒளியில் அப்படி நேர வாய்ப்பே அரிது.

இந்த விளக்கத்துக்கு எல்லையும் உண்டு. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் அவேக் சோதனையில், 10 மீட்டர் நீள ரூபிடியம் ஆவியை 780 நானோமீட்டர் லேசர் துடிப்பு பிளாஸ்மாவாக்குகிறது. துடிப்பு நீடிப்பது ஏறத்தாழ 0.1 பிகோவினாடி; அதற்குள் மோதல்களுக்கு நேரமில்லை. அங்கே போட்டான்களே அடுத்தடுத்துச் சேர்ந்து அணுவை அயனியாக்குகின்றன. ஒத்ததிர்வு அவற்றின் முதல் படியை எளிதாக்குகிறது. ஆகவே போட்டானின் ஆற்றலை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆவி எவ்வளவு அடர்த்தி, ஒளி எவ்வளவு நேரம் விழுகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகே, பிளாஸ்மா எந்த வழியில் பிறந்தது என்று சொல்லலாம்.