கோவைக்கு அடியில் ஓடும் தையல்

1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர் குலுங்கியது. அளவு சுமார் 6 இருக்கும் என்று பின்னாளில் மதிப்பிட்டார்கள். மையம் வாளையாறு பக்கம், பாலக்காட்டுக் கணவாயின் வாசலில். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அந்த அதிர்வு உணரப்பட்டது. கோவையின் காந்திபுரம் என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை. இன்று அங்கே கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் தோளோடு தோள் உரசி மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

"நிலநடுக்கமெல்லாம் இமயமலைக்கும் ஜப்பானுக்கும்தான், நம்மூரு கெட்டிப் பாறை" என்ற நம்பிக்கை கொங்கு நாட்டில் வலுவானது. பாறை கெட்டிதான், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் தண்ணீருக்காக ஆயிரம் அடி துளைத்தாலும் நாம் எட்டுவது 300 மீட்டர்தான். நம் காலடியில் பூமியின் மேலோடு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமன். உலகிலேயே ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அதுவும் 12 கிலோமீட்டர் சொச்சத்தில் நின்றுவிட்டது. மேலோட்டுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம், அதற்கும் கீழே உருகிய இரும்பாலான வெளிக்கரு, நடுவில் திடமான உட்கரு.

யாரும் இறங்கிப் பார்க்காத இடம் எப்படித் தெரிந்தது? நிலநடுக்கங்களே சொல்லிக் கொடுத்தன. அந்தக் கதையில் இந்தியாவுக்குப் பெரிய பங்குண்டு. 1897-இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அதிர்வு ஒரே அலையாக வருவதில்லை. வேகமானது முதலிலும், அடுத்தது பின்னாலும், தரையை ஒட்டி ஓடுவது கடைசியிலும் வருகிறது என்று அவர் பிரித்துக் காட்டினார். பூமிக்குள் நெடுந்தூரம் கடந்துவந்த அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாவதை வைத்து, நடுவில் தனியாக ஒரு கரு இருக்கிறது என்று 1906-இல் நிறுவினார். அதற்குள்ளும் ஒரு உட்கரு உண்டு என்று 1936-இல் கண்டவர் டென்மார்க்கின் இங்கெ லேமன்.

மேலோடும், அதோடு ஒட்டிய கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்ததுதான் புவித்தட்டு. தட்டுகள் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அடியில் இருப்பதும் பாறைதான். கடும் சூட்டில் இளகி, மிக மிக மெதுவாக நகரும் பாறை. நம் தட்டு சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, வடக்கே விரைந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. முட்டல் இன்னும் ஓயவில்லை. வடகிழக்கு நோக்கி ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறோம். 1900-இல் குலுங்கிய கோவை இன்று ஆறு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

மோதல் நடப்பது இமயத்தில் என்றால், நடுவில் இருக்கும் நமக்கு ஏன் அதிர்வு? வடக்கே முட்டும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவுகிறது. பழைய பலவீனங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே பாறை விட்டுக்கொடுக்கிறது. கொங்கு நிலம் ஒரே கல்லால் ஆனதல்ல, துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. நீலகிரிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பாலக்காட்டிலிருந்து காவிரி வரை நீளும் பட்டையை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பழங்கடல் மூடி இரு நிலத்துண்டுகள் இணைந்த தையல் என்று புவியியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். காவிரிக் கரையில் மணமேட்டுப் பக்கம் அந்தக் கடல்தளத்தின் மிச்சமாக அவர்கள் அடையாளம் காணும் பாறைகள் இன்றும் கிடக்கின்றன. கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடலடிப் பாறை! இதை நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டாமா? பாலக்காட்டுக் கணவாய் இந்தத் தையலை ஒட்டித்தான் திறந்திருக்கிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அந்த வழியாக வருகிறது. 1900-இன் அதிர்வும் அங்கேதான் கிளம்பியது.

நாட்டின் நிலநடுக்க வரைபடம் 2002-இலேயே கோவையை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மிதமான அபாயம் என்று பொருள். அலட்சியம் செய்யலாம் என்றல்ல. 2001 ஜனவரி 26-இல் புஜ்ஜில் பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களோடு கார் நிறுத்த விட்டவை. மேலே சுவர்களின் விறைப்பு, கீழே தூண்கள் மட்டும்: அதிர்வின் முழு வளைவும் அந்தத் தளத்திலேயே விழுகிறது. கோவையில் இப்போது தெருவுக்குத் தெரு எழுவதும் இதே வடிவம்தான். தீர்வு பெரிய செலவல்ல. தூணின் இரு முனைகளிலும் ரிங் கம்பிகளை நெருக்கமாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரிங்கின் நுனியையும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடக்க வேண்டும். கீழ்த்தளத்தில் சில கான்கிரீட் சுவர்களாவது வேண்டும். வீடு கட்டுபவர்கள் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நேரில் போய், இன்ஜினியரைப் பக்கத்தில் நிற்கவைத்து, அந்த ரிங்குகளைத் தொட்டுப் பார்க்கலாம். மறுநாள் கான்கிரீட் மூடிவிட்டால் யாராலும் பார்க்க முடியாது.