வருமுன் கணித்தல்: இன்டெல் 820 சிப்செட்டும் அதன் நினைவகமும்

கணினியின் ஆற்றலைப் பேசுவோர் பெரும்பாலும் மத்திய செயலியின் மீடிறனையே முதற்கண் எடுத்துரைப்பர். ஆயின், செயலி எத்துணை விரைவுடையதாயினும், அது வேண்டும் தரவு உரிய காலத்தில் வந்து சேராவிடின் காத்திருத்தலன்றி அதற்கு வேறு தொழிலில்லை. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடைநின்று கொண்டு கொடுப்பது தாய்ப்பலகையிலுள்ள சில்லுத் தொகுதி. வழக்கில் இது சிப்செட் எனப்படும். 1990களில் நினைவகத்தை ஆளும் சுற்று இத்தொகுதியினுள்ளேயே அமைந்திருந்தது. ஆதலின் எவ்வகை நினைவகத்தை இடலாம், எவ்வளவு இடலாம், எவ்வேகத்தில் இயக்கலாம் என்பனவெல்லாம் சிப்செட்டினாலேயே முடிவு செய்யப்பட்டன. புதியதொரு சிப்செட் வரப்போகின்றது என்ற செய்தி பரவியதும் அதன் இயல்புகளை மாதக்கணக்கில் முன்னரே மக்கள் ஆராயத் தலைப்பட்டமைக்குக் காரணம் இதுவே. கையிலுள்ள நினைவகம் புதிய பலகையில் பயன்படுமா, அன்றி மீண்டும் பணங்கொடுத்து வாங்கவேண்டுமா என்பது சிறு வினாவன்று.

இங்ஙனம் எதிர்பார்க்கப்பட்டவற்றுள், காமினோ என்னும் மறைபெயரால் அறியப்பட்ட இன்டெல் 820 தனித்து நோக்கத்தக்கது. அதற்கு முன்னர், 1998இல் வெளிவந்த 440 பி.எக்ஸ். என்னும் சிப்செட் பெரும்புகழ் பெற்றிருந்தது. அது 100 மெகாஹேட்ஸ் மீடிறனில் எஸ்.டி.ராம் நினைவகத்தை இயக்கியது. 820இலோ செயலித் தடம் 133 மெகாஹேட்ஸாக உயரும், வரைகலை அட்டைக்கான தடம் இருமடங்கு விரைவு பெறும், வன்தட்டு இணைப்பும் விரைவுறும் என்று கூறப்பட்டது. இவை யாவும் எளிதிற் புரிவன. எவரும் இவற்றைப் பற்றிப் பெரிதும் வாதிடவில்லை. வாதம் எழுந்தது நினைவகத்தின்மேல்.

1990இல் தோன்றிய றாம்பஸ் நிறுவனம் வகுத்த ஆர்.டி.ராம் என்னும் நினைவகத்தையே எதிர்காலத்துக்கு உரியதென இன்டெல் 1996இல் தேர்ந்துகொண்டது. பழைய எஸ்.டி.ராமுக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை, அகன்ற வாய்க்காலில் மெல்லச் செல்லும் நீருக்கும் ஒடுங்கிய குழாயில் விசையுடன் பாயும் நீருக்குமுள்ள வேறுபாட்டோடு ஒப்பிடலாம். எஸ்.டி.ராம் ஒரு தடவையில் 64 பிற்றுக்களை, அதாவது 8 பைற்றுக்களைத் தரும். 100 மெகாஹேட்ஸில் அது செக்கனுக்கு 800 மெகாபைற்று ஆகின்றது. ஆர்.டி.ராம் ஒரு தடவையில் 16 பிற்றுக்களையே தரும். ஆயினும் அது 400 மெகாஹேட்ஸில், ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவை அனுப்புவதால், செக்கனுக்கு 1600 மெகாபைற்று ஆகின்றது. இருமடங்கு என்ற இவ்வெண்ணே பலரை மயக்கிற்று.

ஆனால் வேறொரு கணக்கு இருந்தது. பென்டியம் 3 செயலியின் தடம் 64 பிற்று அகலமும் 133 மெகாஹேட்ஸ் மீடிறனும் உடையது. எனவே செக்கனுக்கு ஏறத்தாழ 1066 மெகாபைற்றுக்கு மேல் அது வாங்கிக்கொள்ள இயலாது. குடத்தின் வாய் சிறிதாயின் குழாயைப் பெருப்பித்து ஆவதென்ன? 133 மெகாஹேட்ஸில் இயங்கும் எஸ்.டி.ராம் தருவதும் அதே 1066 மெகாபைற்றேயாகும். அன்றியும், கேட்ட தரவின் முதற்பகுதி வந்து சேரும்வரை ஏற்படும் தாமதம் ஆர்.டி.ராமில் கூடுதலாயிருந்தது, அது வெப்பமும் மிகுதியாக வெளிவிட்டது, விலையோ பன்மடங்கு. வெளியீட்டுக்கு முன்னரே இக்கணக்கைப் போட்டுப் பார்க்க எவராலும் முடிந்திருக்கும்.

முன்கூட்டிக் கணிக்க முடியாதவையும் இருந்தன. ஆர்.டி.ராமில் சைகைகள் ஒரு தகட்டினூடாகச் சென்று அடுத்த தகட்டினுட் புகுந்து, இறுதியில் முடிவுறுத்தப்படல் வேண்டும். ஆதலின் வெற்றிடமாயுள்ள பொருத்துமிடத்திலும் சில்லில்லாத இணைப்புத் தகடொன்றைச் செருகுதல் இன்றியமையாததாயிற்று. 1999 செப்டெம்பரில் வெளிவரவிருந்த வேளையில், மூன்று பொருத்துமிடங்களுள்ள பலகைகளில் தரவு பிழைபடுதல் கண்டறியப்பட்டது. வெளியீடு நவம்பருக்குப் பின்தள்ளப்பட்டு, பொருத்துமிடங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன.

பழைய எஸ்.டி.ராம் வைத்திருந்தோரின் பொருட்டு இடைமொழிபெயர்ப்பான் போன்றதொரு சில்லும் 820உடன் சேர்க்கப்பட்டது. இம்மொழிபெயர்ப்பினால் வேகம் குன்றியது. பழைய 440 பி.எக்ஸ். பலகையைவிட இது பின்னடைந்தது என்பதே சோதித்தோர் கண்ட முடிவு. 2000 மே மாதத்தில் அச்சில்லில் மின்னிரைச்சலால் கணினி தானே நின்றுவிடவோ மீள இயங்கத் தொடங்கவோ கூடும் என்று இன்டெல் அறிவித்து, அத்தகைய பலகைகளை மாற்றிக்கொடுக்க முன்வந்தது. சிக்கனம் கருதிப் பழைய நினைவகத்தைப் பேணியவர்களே இதனால் இடர்ப்பட்டனர் என்பது வருந்தத்தக்கது.

இதற்கிடையில் தைவானின் வயா நிறுவனம் 133 மெகாஹேட்ஸ் எஸ்.டி.ராமை ஏற்கும் சிப்செட்டை விற்று இலாபமீட்டியது. இன்டெல்லும் 2000 ஜூனில் 815 என்னும் சிப்செட்டை அதே நினைவகத்துக்கென வெளியிட்டது. எனினும் அது 512 மெகாபைற்றுக்கு மேல் ஏற்காது. அவ்வாண்டு நவம்பரில் பென்டியம் 4உடன் வந்த 850 சிப்செட்டிலேதான் ஆர்.டி.ராமுக்குப் பொருத்தமான இடம் கிடைத்தது. இரு வாய்க்கால்களால் அது தந்த 3200 மெகாபைற்றும், அச்செயலியின் தடம் கொள்ளத்தக்க அளவும் ஒன்றாயிருந்தன. ஆனால் அதற்குள் விலை குறைந்த டி.டி.ஆர். நினைவகம் சந்தையில் வேரூன்றத் தொடங்கிவிட்டது. 2002இல் பென்டியம் 4 பலகைகளிலும் அதுவே பரவலாயிற்று.

பிற்காலத்தில் நினைவகத்தை ஆளும் சுற்று சிப்செட்டை விட்டுச் செயலியினுட் புகுந்தது. ஏ.எம்.டி. நிறுவனம் 2003இல் அத்லோன் 64 செயலியிலும், இன்டெல் 2008இல் கோர் ஐ7 செயலியிலும் இதனைச் செய்தன. ஆயினும் பழைய வினா அடியோடு ஒழியவில்லை. 2021இல் வந்த இன்டெல்லின் பன்னிரண்டாந் தலைமுறைச் செயலிகள் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இரண்டையும் ஏற்பன. எனினும் இருவகைத் தகடுகளின் வெட்டுக்களும் வெவ்வேறிடத்தில் அமைந்தமையால், பலகை செய்வோர் பெரும்பாலும் இரண்டிலொன்றையே தேர்ந்து பொருத்துமிடம் அமைத்தனர். எதனைத் தேர்ந்தனர் என்பதை வாங்குவோர் பலகையின் பெயரைக் கூர்ந்து வாசித்தே அறியவேண்டியிருந்தது.