கார் காய்ந்தாலும் உப்பு காய்வதில்லை

கேரளத்தின் கண்ணூருக்கும் தலசேரிக்கும் இடையில் இருக்கிறது முழப்பிலங்காடு கடற்கரை. சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் மேலேயே கார் ஓட்டலாம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போய்வருகிறார்கள். சாதாரணக் காரின் டயர்கூட அங்கே புதையாமல் ஓடுவதற்குக் காரணம் ஈரம். பொடி மணல் துகள்களுக்கு நடுவே தங்கும் கொஞ்சம் நீர், தன் பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. காய்ந்த மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, டயர் புதைந்துவிடும். அதனால் வண்டிகள் அலை வந்து நனைத்துப் போகிற ஓரமாகவே ஓடுகின்றன. ஓட்டுவதற்குத் தோதான இடமும் காருக்கு அதிக உப்பு ஏறுகிற இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. டயர் வாரி இறைக்கும் உப்புச் சேற்றில் கதவில் படுவது கொஞ்சம்தான். பெரும்பகுதி மட்கார்டுக்கு உள்ளேயும் காரின் அடிப்பக்கத்திலும் போய் ஒட்டுகிறது. வீடு திரும்பியதும் நாம் கழுவுவதோ கண்ணில் படுகிற மேற்பரப்பை மட்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. காரின் இடுக்குகளில் அவ்வளவு நீர் தங்கி ஆவியானால், கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி உப்பு அங்கேயே நின்றுவிடும். ‘வெயிலில் நிறுத்தினேன், காய்ந்துவிட்டது, இனி என்ன ஆகப்போகிறது?’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வது இந்த மெக்னீசியத்தால்தான். நம் கடலோர ஊர்களில் காற்று அவ்வளவு தூரம் வறள்வது அரிது. ஆகவே காரின் அடியில் ஒட்டிய கடல் உப்பு பகலில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் இரவில் மீண்டும் கசியும். துருப்பிடிக்க இரும்பும் ஆக்சிஜனும் நீரும் வேண்டும். அந்த நீரை உப்பு ஒவ்வோர் இரவும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் உல்லாசம் மாதக்கணக்கான அரிப்பாக நீள்வது இதனால்தான்.

இதில் மணலுக்கும் பங்கு உண்டு. மணல் செயலற்ற பொருள், அது இரும்பை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ் 1920களில் செய்து காட்டிய சோதனை இதற்கு விடை சொல்கிறது. பளபளப்பான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டார். சொட்டின் விளிம்பு மெல்லியது, காற்றின் ஆக்சிஜன் எளிதாகக் கரையும். நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் குறைவாகவே போய்ச் சேரும். ஆக்சிஜன் நிறைந்த விளிம்புதான் துருப்பிடிக்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைந்தது, விளிம்பு தப்பியது, இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படிந்தது. ஒரு சொட்டு நீருக்குள்ளேயே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிட்டது. ஈர மணல் அப்பிய சேசிஸின் மூலையிலும் இதுவேதான் நடக்கிறது. மணல் மூடிய இடத்துக்கு ஆக்சிஜன் அதிகம் போவதில்லை, எனவே அங்கே இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பின் நேர்மின் அயனிகள் குளோரைடை உள்ளே இழுக்கின்றன, அந்த இடம் அமிலத்தன்மை அடைகிறது, அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கிறது. வெளியே அதன் அடையாளமே தெரியாது.

கதவின் அடிவிளிம்பைக் குனிந்து பார்த்தால் வரிசையாகச் சின்னத் துளைகள் தெரியும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வடிவதற்காக வைத்தவை. மணல் புகுந்து அவை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் உப்புநீர் தேங்கும். அங்கே தகட்டின் விளிம்பை மடித்து அழுத்தியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள்தான் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போலக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும் என்பதால் மடிப்பை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே பெயின்ட் சிறு கொப்புளமாக எழும்போது, அதன் பின்னால் தகடு ஏற்கெனவே மெலிந்திருக்கும்.

இப்போதைய கார்களுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறதே, அடியில் ரப்பர் கோட்டிங் வேறு அடித்திருக்கிறோமே என்பார்கள். நியாயமான கேள்விதான். துத்தநாகம் உண்மையிலேயே நல்ல காவல், இரும்புக்கு முன்னால் தான் கரைந்து அதைக் காக்கிறது. ஆனால் கரையக் கரையத் தீர்ந்துபோகும். போல்ட், நட்டு, பிரேக் குழாய், சைலன்சர் கிளாம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே தரமான பூச்சும் கிடையாது. ரப்பர் கோட்டிங்கில் ஒரு கல் பட்டுப் பெயர்ந்தால், அதன் அடியில் புகும் உப்புநீரை வெளியே விடாமல் அந்தக் கோட்டிங்கே காத்துவைக்கும். சில சர்வீஸ் கடைகளில் அடிப்பக்கத்துக்குப் பழைய இன்ஜின் ஆயிலோ டீசலோ அடித்துவிடுகிறார்கள். உப்பைக் கழுவாமல் அடித்தால் அது உப்பின் மேல் போட்ட மூடி, அவ்வளவுதான். மணலும் அதில் கெட்டியாக ஒட்டும், ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும், சொட்டுவது மண்ணையும் கெடுக்கும். மழை பெய்தால் கழுவிவிடும் என்ற நம்பிக்கையும் உதவாது. மழை கூரையைத்தான் கழுவும். கடலோரத்தில், மழை படாமல் ஒதுங்கியிருக்கும் உலோகப் பரப்பே பெரும்பாலும் அதிகம் அரிபடுகிறது.

சரி, எப்படிக் கழுவுவது? உப்பைக் கரைக்க மருந்து எதுவும் தேவையில்லை. ஒரு லிட்டர் நீர் சுமார் 350 கிராம் உப்பைக் கரைக்கும். ஷாம்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும், உப்புக்கு வெறும் நீரே போதும். அது போய்ச் சேரும் இடம்தான் முக்கியம். அன்றே கழுவ வேண்டும், அதையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பிரேக் டிஸ்க் ஆறும்வரை பொறுத்து, மட்கார்டுகளின் உட்புறம், சேசிஸ் மூலைகள், சஸ்பென்ஷன், பம்பரின் பின்புறம், வடிகால் துளைகள் என்று ஒவ்வொன்றிலும் சாதாரண ஹோஸ் குழாயால் நிதானமாக நிறைய நீர் விட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பிரஷர் பம்பை நெருக்கமாகப் பிடித்தால் மணல் இடுக்கின் ஆழத்துக்கும் பேரிங் சீலுக்குள்ளும் போகும். வடிகிற நீரில் மணல் வருவது நிற்கும்வரை விடுவதுதான் அளவு. இன்ஜின் அறையில் மின் இணைப்புகள் இருப்பதால் அங்கே மட்டும் நீரைப் பீய்ச்ச வேண்டாம். மேற்பரப்பில் மணல் முழுதும் நீரோடு போகும்வரை துணி படக் கூடாது. மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, சன்னல் கண்ணாடிக்குச் சுமார் 5.5, பெயின்ட்டின் மேல்பூச்சோ வெறும் பிளாஸ்டிக். துணியோடு சேர்ந்த ஒரு மணல் துகள் போதும், வட்டவட்டமாகக் கீறல் விழும். கடைசியில் காரைக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை மெதுவாக அழுத்தி டிஸ்க்கைக் காயவைத்துவிட்டே நிறுத்துங்கள்.

எங்கள் ஊர் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவி என்ன பயன் என்று கடலோரத்துக்காரர்கள் கேட்கலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 250 மில்லிகிராம் இருக்கலாம், வேறு நீரே இல்லாவிட்டால் 1,000 வரை பொறுக்கலாம். அந்த 1,000 உள்ள போர் தண்ணீரும் கடல்நீரில் பத்தொன்பதில் ஒரு பங்கு உப்புதான். முதலில் அதைத் தாராளமாக விட்டு மணலையும் கடல் உப்பையும் வெளியேற்றிவிட்டு, கடைசியாக இரண்டு மூன்று வாளி நல்ல தண்ணீரால் அலசினால் போதும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் கூரையையும் பானெட்டையும் ஈரத்துணியோடு விட்டுவிட்டு, இருக்கும் நீரை அடிப்பக்கத்துக்குக் கொடுங்கள்.

1914ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை உப்புக்காற்றிலிருந்து காக்க ரயில்வே ஆட்களை வைத்து ஓயாமல் பெயின்ட் அடித்துவந்தது. நம் காரின் அடிப்பக்கத்துக்கு அப்படி யாரும் இல்லை. கடற்கரையில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற சுற்றுலாத் துறைகள் இதை யோசிக்க வேண்டும். வெளியேறும் வழியில் கீழிருந்து மேலே பீய்ச்சும் ஒரு வரிசைக் குழாய்களும், மணலைப் படியவிட்டு நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஒரு தொட்டியும் அமைப்பது பெரிய செலவில்லை. தொட்டி நீரில் உப்பு ஏற ஏற அவ்வப்போது மாற்றியாக வேண்டும் என்பதையும் அப்போதே திட்டத்தில் எழுதிவிடட்டும்.