கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு: மும்பைக் குடிசைப் பகுதிகளின் அனுபவம்

கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. முன்னரே கண்டறிந்தால் உயிர் காக்கலாம். ஆயினும் வலி தோன்றாத நிலையில் பரிசோதனைக்குச் செல்லப் பெண்கள் தயங்குகின்றனர். 1998இல் டாட்டா நினைவு மருத்துவமனை மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வு இத்தயக்கத்தை எதிர்கொண்டது. பத்தாம் வகுப்பு வரை படித்த உள்ளூர்ப் பெண்கள், நான்கு வாரப் பயிற்சி பெற்று, 35 முதல் 64 வயதுவரையான பெண்களுக்கு நோயை விளக்கினர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாகும் பகுதியைக் கண்ணாலேயே கண்டறிந்தனர். ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்றுகள் இது நடந்தது.

ஒப்பீட்டுப் பிரிவினர்க்கு ஒருமுறை விளக்கம் மட்டுமே அளிக்கப்பட்டது. 12 ஆண்டுகளில், பரிசோதனைப் பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 31 சதவீதம் குறைவாயிருந்தது. விளக்கத்தோடு பரிசோதனையும் அருகிலேயே கிடைத்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். 2016இல் மைய அரசு வெளியிட்ட நெறிமுறையும் 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது.